உயர் ரெஃப்ரெஷ் ரேட் மானிட்டரில் பிக்சல் பாணி கேம்கள் திணறினால் என்ன செய்வது?

பழைய கணினி விளையாட்டுகளின் சாயலில், பெரிய பிக்சல்களும் குறைந்த வண்ணங்களுமாக இன்று வெளிவரும் கேம்களுக்கு மிகச் சாதாரணமான கிராபிக்ஸ் கார்டே போதும். அப்படியிருந்தும், 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் மானிட்டரில் (நொடிக்கு அத்தனை முறை திரையைப் புதுப்பிப்பது; இந்த எண்ணே ரெஃப்ரெஷ் ரேட்) அவற்றின் சின்ன ஜன்னலைத் திரை முழுவதும் நிறையும்படி பெரிதாக்கி விளையாடத் தொடங்கியதும், பின்னணி சீராக வழுக்கிச் செல்லாமல் விட்டுவிட்டு நகர்வதைப் பலர் காண்கிறார்கள். நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படங்கள், வரையப்படுகின்றன என்று காட்டும் கருவி 60 என்றே காட்டும். கணினியின் வேகத்திலும் குறை எதுவும் தெரியாது. புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குழம்பி, கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எந்த மாற்றம் எதைச் சரிசெய்தது என்றே தெரியாத நிலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு ஃபிரேம் உங்கள் கண்ணுக்கு வந்து சேருமுன் பல கைகள் மாறுகிறது. கேம் அதை வரைகிறது. விண்டோஸ் அதை வாங்கிக்கொள்கிறது. பெரிதாக்கும் மென்பொருள் இருந்தால் அது நடுவில் புகுந்து மறுபடி வரைகிறது. கடைசியில் மானிட்டர் தன்னுடைய தாளத்தில் அதைக் காட்டுகிறது. இவற்றில் எங்கே பிசகினாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே திணறல்தான் என்பதால், எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகே அமைப்புகளில் கை வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற ஒழுங்கைக் கடைசிவரை விடாதீர்கள்.

திணறலை அடையாளம் காண்பது

பின்னணி ஒரே வேகத்தில் நகரும் இடம் ஒன்றைக் கேமில் தேர்ந்தெடுங்கள். நீளமான சமதரையில் கதாபாத்திரத்தை ஒரே திசையில் ஓடவிட்டாலே போதும். செங்கல் சுவர், வேலிக் கம்பி, தூண் வரிசை என்று செங்குத்துக் கோடுகள் நிறைந்த பின்னணியாக இருந்தால் இன்னும் நல்லது. கதாபாத்திரத்தை விட்டுவிட்டு, ஒரு தூணின் விளிம்பைத் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் பின்தொடருங்கள்.

அந்த விளிம்பு ஓயாமல் அதிர்ந்துகொண்டு, இரட்டைக் கோடு போலத் தெரிந்தால், கேமின் ஃபிரேம் வேகமும் மானிட்டரின் வேகமும் வகுபடாமல் நிற்கின்றன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நீண்ட நேரம் சீராக ஓடி, ஏறத்தாழ ஒரே இடைவெளியில் ஒருமுறை மட்டும் எகிறினால், இரண்டு வேகங்களும் மிக நெருங்கியிருந்தும் துல்லியமாக ஒன்றவில்லை என்று பொருள். எந்த ஒழுங்கும் இல்லாமல் அவ்வப்போது நின்று நின்று வந்தால், கணினியில் கூடவே இயங்கும் வேறேதோ குறுக்கிடுகிறது. நகர்வு சீராகவே இருந்து, கோடுகளின் தடிமன் மட்டும் கூடிக் குறைந்து மினுமினுத்தால், அது நேரக் கோளாறே அன்று. பெரிதாக்கும் விகிதத்தில் உள்ள கோளாறு.

கண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர் என்ற இலவசக் கருவி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கோடாக வரைந்து கேமின் மேலேயே காட்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் அந்தக் கோடு 16.7 மில்லிநொடியில் தட்டையாக நிற்க வேண்டும். கோடு தட்டையாக இருந்தும் திரையில் திணறல் தெரிந்தால், கேம் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, கோளாறு அதற்குப் பிந்தைய கட்டத்தில் இருக்கிறது. கோடு ரம்பப் பற்களைப் போல ஏறி இறங்கினால் கோளாறு கேமில், அல்லது கேமை நேரத்துக்கு எழுப்பாத விண்டோஸில் இருக்கிறது. சராசரி எண்ணிக்கை இதைக் காட்டவே காட்டாது. 8 மில்லிநொடியில் ஒன்றும் 25 மில்லிநொடியில் ஒன்றுமாக மாறி மாறி வரும் ஃபிரேம்களுக்கும் சராசரி ஏறக்குறைய 60தான்.

இதன் பிறகு, பெரிதாக்கும் மென்பொருளை நிறுத்திவிட்டு, கேமை அதன் சிறிய ஜன்னலிலேயே ஓடவிட்டு அதே தூண் வரிசையை மறுபடி பாருங்கள். திணறல் மறைந்தால் நேராகப் பெரிதாக்குதலைப் பற்றிய பகுதிக்குப் போகலாம். அப்படியே இருந்தால் மென்பொருளின் மேல் பழியில்லை.

60-ஐயும் 144-ஐயும் பொருத்துவது

பெரும்பாலானோரின் திணறலுக்குக் காரணம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பிக்சல் பாணிக் கேம்களில் மிகுதியானவை நொடிக்கு 60 ஃபிரேம் என்று பூட்டப்பட்டவை. குதிக்கும் உயரம், எதிரியின் வேகம், அனிமேஷன் எல்லாமே அந்த எண்ணை வைத்துக் கணக்கிடப்பட்டிருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒவ்வொரு 6.94 மில்லிநொடிக்கும் ஒருமுறை திரையைப் புதுப்பிக்கிறது. 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4 வருகிறது. ஒரு ஃபிரேமை 2.4 முறை காட்ட முடியாது என்பதால், மானிட்டர் முதல் ஃபிரேமை இரண்டு முறையும், அடுத்ததை மூன்று முறையும், பிறகு இரண்டு, மூன்று, இரண்டு என்றும் காட்டுகிறது. அதாவது ஒரு படம் 13.9 மில்லிநொடியும் அடுத்த படம் 20.8 மில்லிநொடியும் திரையில் நிற்கின்றன. கேமில் எல்லா ஃபிரேமுக்கும் நகர்வு ஒரே அளவுதான்; அது நிற்கும் நேரம் மட்டும் மாறி மாறி வருவதால், கண் அதை அதிர்வாக உணர்கிறது. 165 ஹெர்ட்ஸில் இந்த எண் 2.75, மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்ற வரிசை கிடைக்கும். 75 ஹெர்ட்ஸில் 1.25, நான்கு ஃபிரேமுக்கு ஒருமுறை ஒன்று இரட்டிப்பாகும் என்பதால், அங்கே அதிர்வு இன்னும் பளிச்சென்று தெரியும்.

தீர்வு மிக எளிது. மானிட்டரை 60-இன் முழு மடங்குக்கு மாற்றுங்கள்: 120, 180, 240, 360. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் கிடைக்கும். 144 மற்றும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் பலவற்றில் 120 அந்தப் பட்டியலிலேயே இருக்கும். 120-இல் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும். தூணின் விளிம்பு சட்டென்று தெளிவதை அந்த நொடியிலேயே காணலாம். 144-ஐ விட்டு 120-க்கு இறங்குவது இழப்பு போலத் தோன்றினாலும், 60-இல் பூட்டப்பட்ட கேமுக்கு அந்தக் கூடுதல் 24 ஹெர்ட்ஸ் தருவது அதிர்வை மட்டும்தான். இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள் என்பதே புதியவர்களுக்கு என் உறுதியான பரிந்துரை.

பட்டியலில் 120 இல்லாவிட்டால், என்விடியா கண்ட்ரோல் பேனலிலோ ஏஎம்டி மென்பொருளிலோ புதிய ரெசல்யூஷன் ஒன்றை உருவாக்கி 120 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பார்க்கலாம். பட்டியலில் 120-உம் 119.88-உம் இரண்டுமே இருந்தால், 120 என்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 119.88-இன் பாதி 59.94. கேம் 60-இல் ஓடினால் நொடிக்கு 0.06 ஃபிரேம் வேறுபாடு சேர்ந்துகொண்டே போய், ஏறத்தாழ 17 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் விழுந்துவிடும். நீண்ட இடைவெளியில் ஒருமுறை எகிறுவதாக மேலே சொன்ன வகை இதுதான்.

எல்லாமே 60 என்று நினைத்துவிடவும் வேண்டாம். டாஸ் இயங்குதளக் காலத்தில் விஜிஏ என்ற காட்சித் தரத்தில் ஓடிய கேம்களின் 320×200 முறை 70 ஹெர்ட்ஸில் இயங்கியது. 1993-இல் வந்த டூம் நொடிக்கு 35 முறை கணக்கிட்டது. இவற்றை எமுலேட்டரிலோ (பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் நிரல்) அதே தாளத்தைப் பின்பற்றும் புதிய கேமிலோ ஓட்டினால் 120 உதவாது. 140 ஹெர்ட்ஸ் பொருந்தும்.

மாறும் ரெஃப்ரெஷ் ரேட்

ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் வசதியுள்ள மானிட்டர், கேம் ஃபிரேமைத் தரும் வரை காத்திருந்து புதுப்பித்துக்கொள்வதால், வகுத்தல் கணக்கே தேவையில்லாமல் போகும். மானிட்டரின் வரம்பு 48 முதல் 144 ஹெர்ட்ஸ் என்றால் 60 அதற்குள் அடங்கிவிடும். ஆனால் இதற்கு மானிட்டரின் சொந்த மெனுவிலும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரிலும் வசதி இயங்க வேண்டும். கேம் ஜன்னலாகவோ, ஓரச்சட்டம் இல்லாமல் திரையை நிறைக்கும் விளிம்பற்ற ஜன்னலாகவோ ஓடினால், என்விடியாவில் ஜன்னல் முறைக்கும் சேர்த்து ஜி-சிங்க்கை அனுமதித்திருக்க வேண்டும். உண்மையிலேயே இயங்குகிறதா என்று அறிய, மானிட்டர் மெனுவில் உள்ள ரெஃப்ரெஷ் ரேட் காட்டியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கேம் ஓடும்போது அந்த எண் 60-ஐயோ 120-ஐயோ ஒட்டி அசைந்தால் இயங்குகிறது. 144-லேயே உறைந்து நின்றால் இல்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கேம் ஃபிரேம்களை ஒழுங்கற்ற இடைவெளியில் தந்தால், இந்த வசதி அந்த ஒழுங்கின்மையை அப்படியே திரைக்குக் கடத்தும். 120 ஹெர்ட்ஸில் நிலையாக நின்று, வி-சிங்க்கோடு (மானிட்டரின் புதுப்பித்தலுக்குக் காத்திருந்து ஃபிரேமைத் தரும் அமைப்பு) ஓடும் மானிட்டர் சிறு பிசகுகளை விழுங்கிவிடும். அதனால் 60-இல் பூட்டப்பட்ட கேம்களுக்கு நிலையான 120-ஐத்தான் நான் முதலில் தேர்வேன். வி-சிங்க்கால், பொத்தானை அழுத்தியதும் எதிர்வினை சற்றே தாமதமாவதைப் பொறுக்க முடியாதவர்கள் மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டின் பக்கம் போகலாம்.

ஃபிரேம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒன்றாகவே இருக்கட்டும்

கேமுக்குள் 60 என்ற பூட்டு, டிரைவரில் 60 என்ற பூட்டு, ரிவாட்யூனரில் இன்னொரு பூட்டு, இவற்றோடு வி-சிங்க் என்று அடுக்கினால், ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி ஃபிரேமை நிறுத்தி வைக்கும். மூன்று கடிகாரங்களும் இம்மியளவு வேறுபட்டாலும் திணறல் உண்டாகும். கேம் தானாகவே 60-இல் நிற்கிறது என்றால் வெளிப்பூட்டு எதுவும் வேண்டாம்.

வெளிப்பூட்டு தேவைப்படுவது வேறொரு நிலையில். சில கேம்கள் மானிட்டர் எத்தனை முறை புதுப்பிக்கிறதோ அத்தனை முறை கணக்கிடும். 120 ஹெர்ட்ஸில் கதாபாத்திரம் இரு மடங்கு வேகத்தில் பறக்கும். அத்தகைய கேமுக்கு மட்டும் ரிவாட்யூனரிலோ, என்விடியா டிரைவரில் உள்ள அதிகபட்ச ஃபிரேம் ரேட் என்ற அமைப்பிலோ 60 என்று கொடுங்கள். மானிட்டரின் உண்மையான வேகம் 119.88 என்றால் 59.94 என்றே கொடுக்க வேண்டும். ரிவாட்யூனர் பின்ன எண்களையும் ஏற்கும்.

பெரிதாக்கும்போது கவனிக்க வேண்டியவை

பிக்சல் ஓவியத்தைப் பெரிதாக்குவதில் முழு எண் மடங்கு என்பதே அடிப்படை. 320×180 அளவில் வரையப்பட்ட கேம், 1920×1080 திரையில் சரியாக 6 மடங்கும், 2560×1440-இல் 8 மடங்கும், 3840×2160-இல் 12 மடங்கும் ஆகும். 480×270 அளவிலானது முதல் திரையில் 4 மடங்கு, மூன்றாவதில் 8 மடங்கு. ஆனால் 1440 வரிகள் கொண்ட திரையில் 5.33 மடங்கு. அங்கே ஒரு பிக்சல் 5 புள்ளி அகலமும் அடுத்தது 6 புள்ளி அகலமுமாக விழும். படம் நிற்கும்போது இது கண்ணில் படுவதில்லை. நகரத் தொடங்கியதும், ஒரே வேலிக் கம்பி தடித்தும் மெலிந்தும் மாறி மாறித் தெரியும். திணறுகிறது என்று பலர் சொல்வது இதைத்தான். ஃபிரேம் நேரக் கோடு தட்டையாக இருந்தும் இது போகாது. கேமின் செட்டிங்ஸில் முழு எண் மடங்கு, அல்லது பிக்சல் பெர்ஃபெக்ட் என்ற தேர்வு இருந்தால் அதை இயக்கி, நான்கு பக்கமும் கறுப்புப் பட்டைகள் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேமில் அந்தத் தேர்வு இல்லையென்றால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, டிரைவரின் முழு எண் மடங்கு வசதி. 2019 முதல் இன்டெல், என்விடியா, ஏஎம்டி மூன்றும் இதைத் தருகின்றன. என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 16 வரிசையும் ஆர்டிஎக்ஸ் வரிசைகளும் இதை ஏற்கும். இது கேம் முழுத்திரையாகி, தானே குறைந்த ரெசல்யூஷனுக்கு மாறும்போது மட்டுமே வேலை செய்யும். விளிம்பற்ற ஜன்னலை இது தொடாது. அப்படி மாறும்போது பழைய கேம்கள் சில மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும். பதற வேண்டாம், 60 ஃபிரேம் கேமுக்கு 60 ஹெர்ட்ஸும் பொருத்தமே.

இரண்டாவது, மேக்பை, லாஸ்லெஸ் ஸ்கேலிங் போன்ற மென்பொருள்கள். இவை கேமின் ஜன்னலைப் படம் பிடித்து, பெரிதாக்கி, தம் சொந்த ஜன்னலில் மறுபடி வரைகின்றன. நீங்கள் திரையில் பார்ப்பது கேமின் ஃபிரேமை அன்று, இவற்றின் ஃபிரேமை என்பதை மனத்தில் வையுங்கள். வி-சிங்க்கும் மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டும் இனி இவற்றின் தாளத்தையே பின்பற்றும். திணறல் இங்கே தொடங்கியிருந்தால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் பெரிதாக்கும் முறையை முழு எண் மடங்குக்கோ, அருகிலுள்ள பிக்சலை அப்படியே நகலெடுக்கும் நியரஸ்ட் முறைக்கோ மாற்றுங்கள். பழைய குழாய்த் திரையைப் போலக் காட்டும் கனமான ஷேடர்கள் (படத்தின் தோற்றத்தை மாற்றும் சிறு நிரல்கள்) பெரிய திரையில் கிராபிக்ஸ் கார்டை மூச்சுமுட்ட வைக்கும். 120 ஹெர்ட்ஸில் ஒரு புதுப்பித்தலுக்கு 8.3 மில்லிநொடிதான் இருக்கிறது. அடுத்து, படம் பிடிக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். மேக்பையில் கிராபிக்ஸ் கேப்சர், டெஸ்க்டாப் டூப்ளிகேஷன் உள்ளிட்டவையும், லாஸ்லெஸ் ஸ்கேலிங்கில் டிஎக்ஸ்ஜிஐ, டபிள்யூஜிசி என்ற இரண்டும் உள்ளன. ஒரு கணினியில் சீராக ஓடும் முறை இன்னொன்றில் தடுமாறலாம். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால், கேமும் மென்பொருளும் ஒரே சிப்பில் இயங்குமாறு விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் இரண்டுக்கும் ஒரே தேர்வைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு சிப்பிலிருந்து மற்றொன்றுக்கு நகலாகிப் போக வேண்டியிருக்கும்.

லாஸ்லெஸ் ஸ்கேலிங்கில் இடைப்பட்ட ஃபிரேம்களைத் தானே உருவாக்கும் வசதியும் இருக்கிறது. 60-ஐ 120 ஆக்கினால் திணறல் தீரும் என்று இதை முதல் மருந்தாகப் பரிந்துரைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சில பிக்சல்களால் ஆன ஒரு சிறு உருவம் நகரும்போது, இடையில் உருவாக்கப்படும் ஃபிரேமில் அதன் விளிம்புகள் கரைந்து குழைகின்றன. ஓவியர் வேண்டுமென்றே விட்டுவிட்டு வரைந்த அனிமேஷன் வழுவழுப்பாகி, அதன் முறுக்கை இழக்கிறது. தாமதமும் கூடுகிறது.

இன்னொன்று, 4கே திரையில் விண்டோஸின் 150 விழுக்காடு போன்ற பெரிதாக்கம். இதை அறியாத பழைய கேம்களை விண்டோஸே மங்கலாகப் பெரிதாக்கிவிடும். அதன் மேல் நீங்கள் மறுபடி பெரிதாக்குவீர்கள். கேமின் எக்ஸி கோப்பில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி பகுதியில் ஹை டிபிஐ அமைப்புகளைத் திறந்து, பெரிதாக்கும் பொறுப்பை அப்ளிகேஷனுக்கு ஒப்படைத்துவிடுங்கள்.

விண்டோஸும் இணைப்புகளும்

ஃபிரேம் நேரக் கோடு ரம்பமாக இருப்பவர்களுக்கானது இந்தப் பகுதி. விண்டோஸின் இயல்பான கடிகாரம் 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. நுண்ணிய கடிகாரத்தைக் கேட்டு வாங்காமல், சிறிது தூங்கி எழுகிறேன் என்று கேம் சொன்னால், அடுத்த துடிப்பு வரைக்கும் அது எழுப்பப்படாது. முன்பெல்லாம் வேறு ஏதாவது ஒரு நிரல் நுண்ணிய கடிகாரத்தைக் கேட்டிருந்தால் எல்லோருக்கும் அது கிடைத்தது. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பிலிருந்து கேட்டவருக்கு மட்டுமே கிடைக்கிறது. கேமுக்குள் வி-சிங்க்கை இயக்கி, மானிட்டரின் தாளத்தைப் பற்றிக்கொள்ளச் செய்வதுதான் இதற்கு நேரடியான மாற்று. கேம்மேக்கர் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஸ்லீப் மார்ஜின் என்ற அமைப்பு இதற்காகவே உண்டு.

விண்டோஸ் 11-இல் கிராபிக்ஸ் பகுதியில், ஜன்னலில் ஓடும் கேம்களுக்கான மேம்பாடு என்ற தேர்வை இயக்குங்கள். டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்களுக்கு அது பயன்படும். 144 ஹெர்ட்ஸ் திரையோடு 60 ஹெர்ட்ஸ் இரண்டாம் திரையும் இருந்தால், சோதனைக்காக இரண்டாவதைத் துண்டித்துப் பாருங்கள், குறிப்பாக அதில் வீடியோ ஓடும்போது.

கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை மிகக் குறைவாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். சிறிய கேமுக்காக அது வேகத்தைத் தாழ்த்திக்கொண்டு, திடீரென்று கொஞ்சம் வேலை கூடும்போது ஏறுவதற்குள் ஒரு ஃபிரேம் தாமதமாகிவிடும். டிரைவரில் அந்தக் கேமுக்கு மட்டும் மின்சார மேலாண்மையை அதிகபட்சச் செயல்திறனுக்கு மாற்றிப் பாருங்கள்.

மவுஸை அசைக்கும்போது மட்டும் திணறினால், அதன் போலிங் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை கணினிக்குச் செய்தி அனுப்புகிறது என்பதை) 8000 அல்லது 1000-இலிருந்து 125-க்கு இறக்குங்கள். பழைய கேம் எஞ்சின்கள் (கேமை இயக்கும் அடிப்படை நிரல்கள்) அத்தனை செய்திகளைச் சமாளிப்பதில்லை. ஒரே சீரான இடைவெளியில் ஒரு வெட்டு வந்தால், கேம் இல்லாத கன்ட்ரோலரைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். கன்ட்ரோலர் ஒன்றை இணைத்தோ, இணைந்திருப்பதைக் கழற்றியோ சோதிக்கலாம். திரைமேல் தோன்றும் ஓவர்லேகளையும் பின்னணிப் பதிவையும் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்.

எதற்கும் அசையாத திணறல்

இத்தனைக்குப் பிறகும் போகாத திணறல் கேமின் உள்ளேயே எழுதப்பட்டது. அதில் ஒரு வகைக்கு மட்டும் வெளியிலிருந்து மருந்து உண்டு. யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் இயற்பியல் கணக்கின் இயல்பான இடைவெளி 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50 முறை. உருவாக்கியவர் அதை மாற்றாமலும் இடைப்பட்ட நிலைகளைக் கணக்கிடாமலும் விட்டிருந்தால், கேம் 144 ஃபிரேம் வரைந்தாலும் கதாபாத்திரம் 50 முறைதான் நகரும். கேமரா வழுக்கிச் செல்ல, கதாபாத்திரம் மட்டும் அதிரும். மானிட்டரில் 100 ஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாற்றி, வி-சிங்க்கை இயக்கிப் பாருங்கள். அதிர்வு பெரிதும் அடங்கும்.

மற்றொரு வகைக்கு மருந்தே இல்லை. 320×180 கேமில் கேமரா நொடிக்கு 40 பிக்சல் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஃபிரேமில் 40 முறை ஒரு பிக்சல் நகர்ந்து 20 முறை அசையாமல் நிற்கும். 6 மடங்கு பெரிதாக்கிய திரையில் அந்த ஒரு பிக்சல் 6 புள்ளித் தாவல். நகர், நகர், நில் என்ற அந்தத் தாளத்தை எந்த மானிட்டரும் மென்பொருளும் மாற்றாது. சில கேம்களின் செட்டிங்ஸில் மென்மையான கேமரா என்றோ, திரையின் முழு ரெசல்யூஷனில் நகர்த்துவது என்றோ ஒரு தேர்வு இருக்கும், இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால், எந்த இடத்தில் எந்த வேகத்தில் அதிர்கிறது, மானிட்டரின் ஹெர்ட்ஸ் எவ்வளவு, ஃபிரேம் நேரக் கோடு எப்படி இருந்தது என்ற மூன்றையும் சேர்த்து உருவாக்கியவருக்கு எழுதி அனுப்புங்கள். திணறுகிறது என்று மட்டும் எழுதும் கடிதத்தை வைத்து அவரால் எதையும் திருத்த முடியாது.